கல்வராயன் மலையும் செயன்முறை ஆராய்ச்சியும்

ஆராய்ச்சி என்னுஞ் சொல் இஞ்ஞான்று கல்லூரிகளிலெல்லாம் பெருவழக்காய் வழங்குகின்றது. ஏட்டுச்சுவடிகளிற் பாடவேறுபாடு காண்டலும், கண்ணாடிக் குழல்களில் அமிலங்களை அளந்து வார்த்தலும், கல்வெட்டுகளைப் படியெடுத்தலும் ஆராய்ச்சி என்றே பெயர் பெறுகின்றன. அப்பெயர் அவற்றிற்குத் தகுவதே. ஆயினும், ஓர் ஊரார் பருகும் நீர் ஏன் நோய் தருகின்றது, ஓர் ஏழையின் வெள்ளாட்டுக்குட்டி ஏன் மாரிக்காலத்தே மடிகின்றது, ஒரு மலைப்பாதை ஏன் ஆண்டுதோறும் ஒரே வளைவில் இடிந்து வீழ்கின்றது என்னும் வினாக்களை எடுத்துக்கொண்டு, அவ்விடத்தே சென்று விடை காணுதலை மட்டும் ஆராய்ச்சி என்று கூற நம்மிற் பலர் கூசுகின்றனர். அதனைத் தொண்டு என்பர், உதவி என்பர், ஆராய்ச்சி என்னார். இக்கூச்சம் பொருளற்றது என்பது எம் கருத்து. அன்றியும், அத்தகைய ஆராய்ச்சி கட்டடப் பொறியியல், கால்நடை வளர்ப்பு, மருத்துவம் எனத் தனித்தனி அறைகளுட் பூட்டப்படாது, ஒன்றுகூடி நிகழ்தல் வேண்டும் என்பதும், அதன் பயன் அம்மக்களுடைய மொழியிலேயே அவர்கள்பால் திரும்பிச் சேர்தல் வேண்டும் என்பதும் எம் துணிபு. இவற்றைக் கள்ளக்குறிச்சி நாட்டையும் அதன் மேற்பால் நிற்குங் கல்வராயன் மலையையும் முன்வைத்து ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

குறிச்சி என்பது குறிஞ்சிநிலத்து ஊர்க்குரிய பெயர் என்பது தமிழ் பயில்வார் அனைவரும் அறிந்ததே. கள்ளக்குறிச்சி என்னும் ஊர்ப்பெயரே மலையின் அண்மையை நமக்கு நினைவூட்டுகின்றது. நெடுங்காலம் தென்னார்க்காட்டு மாவட்டத்திலும், 1993ஆம் ஆண்டு முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கியிருந்த இந்நாடு, 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. இதன் மேற்கெல்லையிற் கிழக்குத்தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய கல்வராயன் மலை ஈராயிரம் அடி முதல் மூவாயிரம் அடிவரை உயர்ந்து கிடக்கின்றது. கோமுகி ஆறு இம்மலையிற் பிறந்து, கச்சிராயபாளையத்தின் அருகே அணையால் தேக்கப்பெற்று, கீழ்நாட்டு வயல்களை ஊட்டுகின்றது. சாமையும் தினையும் மரவள்ளியும் விளைத்து, கடுக்காயும் தேனுஞ் சேர்த்து, ஆடு மாடுகளை மேய்த்து வாழும் இம்மலை மக்கள் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆளுவோர் என்பதே இப்பெயரின் பொருள். சேரநாட்டு மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் பேசும் மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சியினின்றும் போந்தவர் என்பது இவர்கள் வழிவழிக் கூறிவருங் கதை.

இம்மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பதாண்டு கழிந்த பின்னர், 1976ஆம் ஆண்டிலேதான் அவ்வாட்சி முற்றும் ஒழிந்து, மலை அரசாங்கத்தின் நேர்நிருவாகத்திற்கு உட்பட்டது. பிற ஊர்கள் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் பெற்ற தலைமுறை ஒன்று இம்மலைக்கு வறிதே கழிந்தது. நோயாளரையும் சூலுற்ற மகளிரையும் தூளி கட்டித் தோளிற் சுமந்து மலையடிக்குக் கொணர்ந்த செய்தியை நாளிதழ்களிற் பலகாற் படித்திருக்கின்றோம். 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களிற் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்ட கொடுமையை நாடே அறியும். அதன் பின்னர்ச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கைநிலையைக் குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டது. ஒரு மலையின் குறைகளை ஊரறியச் செய்தற்கு இத்துணை உயிர்கள் மடிய வேண்டியதாயிற்றே என்று எண்ணுந்தோறும் நெஞ்சம் வெதும்புகின்றது. முன்னரே சென்று கேட்டிருக்க வேண்டுவோர் யாவர்? அரசினர் மட்டுமோ? கற்றோரும் அல்லரோ?

இனி, மூன்று துறைகளும் ஏன் ஒன்றுகூட வேண்டும் என்பதனை நோக்குவோம். நம் முன்னோர் நிலத்தைப் பகுத்தபோது, ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய உணவையும் விலங்கையும் மரத்தையும் தொழிலையும் கருப்பொருள் என ஒரு தொகையுள் அடக்கினர். நிலமும் விலங்கும் மாந்தரும் ஒன்றோடொன்று பிணைந்தே வாழ்வன என்பது தொல்காப்பியம் பயின்ற மாணவர்க்குப் புதிதன்று. துறைகளைப் பிரித்தது கல்லூரிக் கால அட்டவணையே அன்றி மலையன்று. மலையிலிருப்பவள் ஒருத்திக்கு நீர் எடுக்குஞ் சுனையும், கொட்டிலில் நிற்கும் ஆடும், தொட்டிலிற் கிடக்கும் மகவும் ஒரே கவலையின் மூன்று முகங்கள்.

இதற்குத் தக்க சான்று நமக்கு அண்மையிலேயே உண்டு. ஆத்தூர்ச் சமவெளியின் வடக்கே கல்வராயன் மலை நிற்பது போல, அதன் தென்மேற்கே கொல்லிமலை நிற்கின்றது. அங்கு 1913ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஆங்கில ஊழியரும் அவர்தம் மனைவியார் ஈவ்லின் அம்மையாரும் குடியேறினர். பிராண்டு கட்டடத் தொழிலிற் பயின்றவர். இலண்டன் மாநகரில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டளவே மருத்துவங் கற்றவர். மலைக்கு வந்தபின் அவர் தச்சும் ஓடு சுடுதலும் கற்பித்தார்; பட்டுப்பூச்சி வளர்ப்பும் பழமரப் பயிரும் முயன்று பார்த்தார்; பள்ளி கண்டார்; பல் பிடுங்கினார்; புண்ணுக்கு மருந்திட்டார். இவற்றுள் ஒன்றை விரித்துரைத்தலே எம் கருத்தை விளக்கப் போதும்.

நரம்புச்சிலந்தி என்னும் நோயை இக்காலத்து மாணவர் கேட்டும் அறியார். இரண்டு முதல் மூன்றடி வரை நீண்ட வெண்புழு ஒன்று காலிற் கொப்புளத்தை உண்டாக்கி, அதன் வழியே வெளிப்படும். அதனை விரைந்து இழுப்பின் அறுந்து உள்ளே நின்று சீழ்வைக்கும். ஆதலால் ஒரு குச்சியிற் சுற்றி, நாடோறும் சிறிது சிறிதாகப் பல நாள் இழுத்தல் வேண்டும். இந்நோய்க்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் மருந்தில்லை, தடுப்பூசியும் இல்லை. அஃதாயின் அது ஒழிந்தது எங்ஙனம்? புண்ணுடைய காலோடு ஒருவன் படிக்கிணற்றில் இறங்க, எரிச்சல் தணியுமாறு காலை நீரில் நனைக்க, புழு தன் குஞ்சுகளை அந்நீரில் உதிர்க்கின்றது. அவற்றைக் கண்ணுக்கு எளிதிற் புலனாகாத நீர்த்தெள்ளு விழுங்குகின்றது. அந்நீரைப் பருகுவோன் வயிற்றுட் புழு புகுந்து, ஓராண்டு வளர்ந்து, அவன் காலில் மீண்டும் வெளிப்படுகின்றது. இச்சுழற்சியை அறுக்க வேண்டுமாயின், கால் நீரிற் படாதிருத்தல் வேண்டும். அல்லது நீரைத் துணியால் வடித்துப் பருகுதல் வேண்டும். கிணற்றின் படிகளை அடைத்து, சுற்றுச்சுவர் எழுப்பி, கயிறும் வாளியுங் கொண்டு நீர் இறைப்பின், நோய்க்கு வழியே இல்லை. எனவே, இந்நோய்க்கு மருத்துவன் கொத்தனே! பிராண்டு கொத்தரும் மருத்துவரும் ஒருங்கே ஆகியிருந்தமையாற்றான் இதனை எதிர்த்துப் போர் தொடுக்க முடிந்தது. 1929ஆம் ஆண்டில் அவர் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே உயிர் நீத்தார். அம்மையார் அப்போரைக் கைவிடாது நடத்தினார்.

இந்தியா முழுதும் அதே வழியையே பின்னர் மேற்கொண்டது. 1983-84ஆம் ஆண்டிற் றொடங்கிய நாடளாவிய திட்டத்தின்படி படிக்கிணறுகள் இறைகிணறுகளாக மாற்றப்பெற்றன. நீரை வடித்துப் பருகும் பழக்கம் பரப்பப்பெற்றது. 1996ஆம் ஆண்டில் இறுதி நோயாளர் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்தியா இந்நோயினின்றும் விடுபட்டதென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கால்நடைத் துறைக்கும் இதிற் பங்குண்டோ எனின், உண்டு. ஆப்பிரிக்காவிலுள்ள சாடு நாட்டில் மக்களிடத்து இந்நோய் பெரிதும் அருகியபின், 2012ஆம் ஆண்டு முதல் நாய்களிடத்து இப்புழு காணப்பட்டது. மக்களை மட்டும் நோக்கி விலங்குகளை நோக்காதுவிடின், துரத்திய நோய் கொல்லைப்புறத்து வழியே திரும்பும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த பாடம் யாது?

ஈவ்லின் அம்மையாரின் பிற்காலம் நம் பொருளோடு இன்னும் நெருங்கியது. எழுபது வயதை எட்டும் பருவத்தே, ஓய்வுகொள்ளுமாறு பிறர் வற்புறுத்தியும் உடன்படாது, கொல்லிமலையோடு அமையாது அண்டை மலைகளுக்கும் அவர் சென்றார். அவற்றுள் ஒன்று கல்வராயன் மலை. இடுப்பெலும்பு முறிந்தபின்னரும் மூங்கிற்கோல்களை ஊன்றியும் குதிரைமீது ஏறியும் மலைவழிகளைக் கடந்த அவர், 1974ஆம் ஆண்டில், தம் 95ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவர்களின் மகனார் பால் பிராண்டு 1914ஆம் ஆண்டிற் கொல்லிமலை வாழ்விடையே பிறந்தவர். மருத்துவங் கற்குமுன் தச்சும் கட்டடத் தொழிலும் பயின்றவர். அவர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றியபோது, குட்டநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி வீழ்வனவல்ல, உணர்ச்சி இழந்தமையால் நேருங் காயங்களாலேயே தேய்கின்றன என்று காட்டினார். உறங்கி எழுவோர்க்கு இரவிலே விரல் குறைந்திருந்த காரணத்தைத் தேடியபோது, இருளில் எலி வந்து கடிப்பது தெரியவந்தது. அதற்கு அவர் கண்ட மருந்து பூனை! காலிற் புண் உண்டாகாதிருக்க அவர் கண்ட மருந்து மெல்லிய இரப்பர் வைத்த செருப்பு! பூனையும் செருப்பும் எந்த மருத்துவ நூலின் மருந்துப் பட்டியலில் உள்ளன? கண்ணெதிரே உள்ளதை நோக்கி, காரணத்தைத் துருவி, கையிற் கிடைப்பதைக் கொண்டு தீர்வு காண்டலே செயன்முறை ஆராய்ச்சியின் உயிர்நிலை என்க.

இவையெல்லாம் பழங்கதை, அக்காலம் மலையேறிற்று என்பார்க்கு இற்றைக்காலச் சான்றொன்றுங் கூறுவோம். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தருமபுரி மாவட்டத்தில், சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. 1993ஆம் ஆண்டில் மருத்துவர் ரெஜியும் மருத்துவர் லலிதாவும் அங்குச் சென்று, மலைமக்கள் கட்டிக்கொடுத்த சிறு குடிசையில் மருத்துவம் தொடங்கினர். அவர்கள் முதற்கண் செய்தது ஊர்தோறுஞ் சென்று கேட்டலும் எண்ணலுமே. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் 147 ஓராண்டு நிறையுமுன் இறந்தன என்று அப்போது தெரிந்தது. மலைப்பெண்களையே தெரிந்தெடுத்துப் பயிற்றி அவர்களைச் செவிலியராகவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கினர். அவ்வெண் பின்னர் இருபதின் அளவிற்கு இறங்கிற்று. அவ்வளவோடு அவர்கள் அமையவில்லை. நோயின் வேர் வயலில் இருப்பதைக் கண்டு, இயற்கை வேளாண்மை செய்வோர் சங்கம் ஒன்று அமைய வழிகோலினர். சிறுதானியம் மீண்டுந் தட்டில் ஏறிற்று. மருத்துவமனையிற் றொடங்கிய பாதை வயலிற் சென்று முடிந்ததே, அஃது ஏன்? உடலின் நலத்திற்கு உண்கலமும் ஒரு காரணமாதலின் என்க.

கால்நடைத் துறையிலும் இத்தகைய ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. மலைக்குடிசையில் ஐந்தாறு கோழிகள் மேய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவை அக்குடும்பத்தின் பணப்பெட்டி; பிள்ளைக்குப் புத்தகம் வேண்டின் ஒன்று விற்கும்; விருந்து வரின் ஒன்று கொல்லும். வெள்ளைக்கழிச்சல் வரின் ஒரு கிழமையிற் பெட்டி வெறிதாகும். தடுப்பு மருந்து உண்டு. ஆனால் அது குளிர்ச்சியிலேயே வைத்துக் காக்கப்படல் வேண்டும். பனிக்கட்டி மலையேறுமுன் உருகும், மருந்தும் பயனற்றுப்போம். இவ்விடரை உணர்ந்த ஆஸ்திரேலிய நாட்டு ஆராய்ச்சியாளர், வெப்பந்தாங்கும் வகையொன்றை ஊர்க்கோழிகளுக்கெனவே தேர்ந்து வளர்த்தனர். அது ஆசிய ஆப்பிரிக்கச் சிற்றூர்களிற் பயன்பட்டு வருகின்றது. நம் நாட்டிலும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி, உழவர்களின் கைமருந்துகளைக் கேட்டு ஆராய்ந்து முறைப்படுத்தினார். கறவைமாட்டின் மடிவீக்கத்திற்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சட்பொடி 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துப் பூசும் முறை இவ்வாறு வந்ததே. தேசியப் பால்வள வாரியமும் இதனைப் பரப்பியது. பாட்டியின் அறிவைப் பழமை என்று எள்ளாமலும், பழமை என்பதற்காகவே போற்றாமலும், அளந்து பார்த்து ஏற்றது இம்முறையின் சிறப்பு.

கட்டடப் பொறியியலில் மலைக்கு முதற்றேவை சாலை என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் மலைச்சாலையைக் கெடுப்பது பெரும்பாலும் வண்டிச்சக்கரம் அன்று, நீரே. மேற்சரிவினின்றும் இறங்கும் மழைநீர்க்குப் பக்கக்கால்வாயும், அதனைக் குறுக்கே கடத்தச் சிறுபாலமும், சரிவைத் தாங்கத் தடுப்புச்சுவரும் தக்க இடத்தில் இல்லையாயின், எத்துணைப் பணம் பெய்தாலும் சாலை அடுத்த மாரியில் ஓடையாகும். தக்க இடம் யாது என்பதனைப் படம் மட்டுங் காட்டாது. அச்சரிவில் ஐம்பதாண்டு ஆடு மேய்த்த முதியவர் காட்டுவார். அவர் காட்டியதை அளவுகோலால் அளந்து சரிபார்த்தல் மாணவன் கடன். வீடு கட்டுதலும் அவ்வாறே. செங்கல்லை மலைமேற் சுமந்து ஏற்றலுங் கடினம். அங்கே சுடின் விறகுக்காகக் காடு அழியும். சிறிதளவு சிமெண்டைக் கலந்து அழுத்திய மண்கல்லைச் சுடவேண்டுவதில்லை. அவ்விடத்து மண்ணே பயன்படும். பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் 1974ஆம் ஆண்டிற் றொடங்கிய அஸ்திரா என்னும் பிரிவும், 1989ஆம் ஆண்டில் அமைந்த ஆரோவில் மண்கட்டட நிறுவனமும் இத்துறையில் அரிய பணி புரிந்துள்ளன. கல்வராயன் மலையின் மண்ணுக்கு எத்துணைச் சிமெண்டு, எத்துணை மணல் என்பது அம்மண்ணை எடுத்துப் பார்த்தே காணற்பாலது. இத்தகைய வினாவொன்று ஓர் இளைஞனின் பட்டத்திற்குப் போதிய பொருளன்றோ?

இனி, எம் கருத்திற்கு மறுப்புக் கூறுவார் சிலர் உளர். அவர்கள் கூற்றை ஒதுக்கிச் செல்லல் முறையன்று.

முதலாவது, வேண்டிய நிறுவனங்களெல்லாம் அமைந்துவிட்டனவே, இனி மாணவர்க்கு என்ன வேலை என்பர். மெய்தான், கள்ளக்குறிச்சிச் சிறுவங்கூரில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு ஜனவரித் திங்களிற் றிறந்துவைக்கப்பெற்றது. அதற்கு ஓராண்டு முன்னர், 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில், சின்னசேலத்தை அடுத்த தலைவாசலிற் கால்நடை ஆராய்ச்சிக்கெனப் பெரியதோர் உயர்நிலையம் ஆயிரம் ஏக்கர் அளவு பரப்பில் திறக்கப்பெற்றது. மலையின் அடிவாரத்தே இவ்விரண்டும் அமைந்தது பெரும்பேறு. ஆயினும் கட்டடம் அடிவாரத்தில் நிற்கும். நோய் மலையுச்சியில் நிற்கும். இடைவெளியைக் கடப்பது கால்களே. அக்கால்கள் இளைஞர்க்கு உரியன.

இரண்டாவது, முதலிற் சாலை போடட்டும், பின்னர் ஆராயலாம் என்பர். காப்புக்காட்டினூடு சாலை அமைக்க, 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்புதல் பெறல் வேண்டும். அதற்குக் காலம் செல்லும். சாலை வருமளவும் பிறப்பை நிறுத்தி வைத்தல் இயலுமோ? பேறுகாலத்திற்குச் சில நாள் முன்னரே கருவுற்றவளை மருத்துவமனையை அடுத்துத் தங்கவைத்தல் நல்ல ஏற்பாடே. ஆனால், அவள் இறங்கிவரின், அவளுடைய ஆடுகளுக்குத் தழை ஒடிப்பார் யார்? கறவையைக் கறப்பார் யார்? இவ்வினாவை மருத்துவன் கேளான்; கால்நடை மருத்துவனும் கேளான்; இருவரும் ஒருங்கு சென்றாலன்றி இது கேட்கப்படாது. கேட்கப்படாத வினா ஓர் உயிரைக் கொள்ளவும் கூடும்.

மூன்றாவது மறுப்பே வலியது. மலைமக்கள் நம் சோதனைக்கு அகப்பட்ட பொருள்களோ, அவர்களை எண்ணியும் அளந்தும் நாம் பட்டம் பெற, அவர்கள் பெறுவது யாது என்பர். இதனை யாம் முழுமனத்தோடு ஏற்கின்றோம். ஓர் ஊரிற் புகுந்து, நூறு வினாக் கேட்டு, விடைகளை ஆங்கிலத்தில் அச்சிட்டு, நூலகத்து அடுக்கில் வைத்துவிட்டு, அவ்வூர்ப்பக்கம் திரும்பிப் பாராத ஆராய்ச்சி களவோடு ஒக்கும். பிராண்டு தம்பதியர் அம்மலையிலேயே வாழ்ந்து அம்மலையிலேயே அடங்கினர். சிட்டிலிங்கி மருத்துவர் அம்மக்களையே மருத்துவப் பணியாளராக்கினர். ஆகலின், மலைவாணரின் உடன்பாடு இல்லாமலும், அவர்களுள் ஒருவர் ஆராய்ச்சியில் ஊதியத்தோடு பங்குகொள்ளாமலும், முடிவு அவர்கள் மன்றத்தில் அவர்கள் மொழியிற் படித்துக் காட்டப்படாமலும் நிகழும் முயற்சியை ஆராய்ச்சி என்று கல்லூரிகள் ஒப்புக்கொள்ளலாகாது. இதுவே யாம் வேண்டும் முதன்மையான விதி.

இவ்விடத்தேதான் தமிழ் மாணவராகிய நமக்கும் பணி உண்டு. பொறியியலும் மருத்துவமும் நமக்குப் புறம்பானவை என்று நாம் ஒதுங்கி நிற்றல் வேண்டா. கால்நடை நோய்களுக்கு ஊரார் இட்ட பெயர்களை நோக்குமின்! துள்ளி வீழ்ந்து மடிவதனைத் துள்ளுமாரி என்றனர். தொடைச் சப்பை வீங்குவதனைச் சப்பைநோய் என்றனர். கழிச்சல் வெண்ணிறமாதலை வெள்ளைக்கழிச்சல் என்றனர். நரம்பு போல் நீண்டு வெளிப்படும் புழுவை நரம்புச்சிலந்தி என்றனர். ஒவ்வொரு பெயரும் யாரோ ஒருவர் கொட்டிலில் நின்று கூர்ந்து நோக்கிய ஆராய்ச்சியின் முடிவு. கல்வராயன் மலையில் மண்ணுக்கும் கல்லுக்கும் சுனைக்கும் தழைக்கும் பிணிக்கும் வழங்குஞ் சொற்கள் எத்துணையோ! அவற்றைத் திரட்டுதல் அகராதிக்கு அணியாவதோடு, மருத்துவனும் பொறியாளனும் அம்மக்களோடு பேசுதற்கு வாயிலுமாகும். நோயாளி கூறுவது மருத்துவனுக்கு விளங்காவிடின், மருந்து எத்துணைச் சிறந்ததாயினும் யாது பயன்? அவ்வாறே, ஆராய்ச்சியாளர் கண்டதனை எளிய தமிழில் ஆக்கி மலையேற்றுதலும் நம் கடன். சங்கநூல்களிற் குறிஞ்சியைப் பாராட்டும் நாம், உயிருள்ள குறிஞ்சி நிலத்து மக்களின் சொல்லுக்குச் செவி சாய்க்கோமாயின், நம் தமிழ்ப்பற்று ஏட்டளவினதே ஆகும்.

செயற்பாலது யாது என்று கேட்பார்க்கு எம் வேண்டுகோளைச் சுருங்கக் கூறுவோம். நாட்டுநலப்பணித் திட்டத்தின் பெயரால் ஆண்டுக்கொருமுறை ஒரு கிழமை சென்று, மரக்கன்று நட்டுப் படம் எடுத்துத் திரும்புதலோடு நாம் அமைதல் வேண்டா. கல்லூரிகள் சில ஒன்றுகூடி, மலையில் ஓர் ஊரை அவ்வூரார் இசைவோடு தெரிந்தெடுக்கட்டும். அங்கு ஓராண்டு முழுதும் நான்கு பதிவேடுகள் எழுதப்படுக. நீர்ப்பதிவேட்டில், எச்சுனை எத்திங்களில் வற்றிற்று, எந்நீர் பருகியவர்க்கு வயிற்றுநோய் கண்டது என்பன அமைக. பாதைப்பதிவேட்டில், எத்தனை நாள் வழி அறுந்தது, எவ்விடத்தில் அறுந்தது என்பன அமைக. கால்நடைப் பதிவேட்டில், பிறந்த குட்டி எத்தனை, மடிந்தது எத்தனை, எந்நோயால் என்பன அமைக. மக்கட்பதிவேட்டில், பிறப்பும் இறப்பும், மருத்துவமனையை அடைய ஆன நாழிகையும் அமைக. இவற்றை எழுதுவோர் அவ்வூர் இளைஞரும் மகளிருமே ஆகுக. மூன்று துறை மாணவரும் திங்களுக்கொருமுறை சென்று அவர்களோடு அமர்ந்து பார்க்க. ஆண்டிறுதியில் நான்கையும் ஒருங்கு வைத்து நோக்கின், பாதை அறுந்த நாளுக்கும் குழந்தை இறந்த நாளுக்கும், சுனை வற்றிய திங்களுக்கும் ஆடு மடிந்த திங்களுக்கும் உள்ள தொடர்பு தானே வெளிப்படும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நான்கு குறிப்பேடும், நடக்குங் காலும், கேட்குஞ் செவியுமே வேண்டும். அவ்வேடுகளோடு மாவட்ட ஆட்சியாளர் முன் சென்று நிற்கும் மலைமகன் கூறுவதனை வெறுங் குறையென்று எவரும் தள்ளல் இயலாது. அது கணக்கு, சான்று, ஆராய்ச்சி.

கல்வி கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் இடையே உள்ள வேறுபாடு அவன் அறிந்த செய்திகளின் தொகையில் இல்லை. பிறர் துன்பத்தின் காரணத்தை நாடும் முயற்சியிலேயே உள்ளது. ஒரு கொத்தர் கிணற்றுக்குச் சுவர் எழுப்பி நோயை வென்றார். ஒரு மருத்துவர் செருப்புத் தைப்பித்துப் புண்ணை வென்றார். ஒரு மலைப்பெண் எண்ணக் கற்று மகவின் இறப்பை வென்றாள். நம் கல்லூரியில் இன்று பயிலுவோருள்ளும், முன்னர்ப் பயின்று இப்போது பொறியாளராகவும் மருத்துவராகவும் ஆசிரியராகவும் விளங்குவோருள்ளும் இவ்வழியை மேற்கொள்வார் சிலரேனும் தோன்றாதிரார் என்று நம்புகின்றோம். கல்வராயன் மலை நெடுந்தொலைவில் இல்லை, நண்பர்காள்! அடுத்த மாரிக்கு முன் அங்கு முதற்பதிவேடு திறக்கப்படுமாக!